மண்ணீரலும் ஒரு சத்தியமும்

என் அண்ணனுக்கு மண்ணீரல் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா இதை முதலிலேயே சொல்லிவிட்டார். அப்படியோர் உறுப்பு எங்கே இருக்கிறது என்றே பெண் வீட்டாருக்குத் தெரியாததால் மறுப்பு ஏதும் எழவில்லை. மண்ணீரல் இல்லாதவனுக்குச் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்து என்று இன்று அண்ணிக்குத் தெரியும். அவனுக்கு லேசாக உடம்பு சுட்டாலே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

அப்போது எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பதின்மூன்று. அப்பா எஸ்டேட்டிலிருந்து கம்போங் ராஜா டவுன் கடைக்குப் போய்வரும் சைக்கிளை நாங்கள் தொடவே கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தேயிலைச் சரிவில் விட்டான் பாருங்கள்! முகத்தில் அடித்த அந்தப் பனிக்காற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வளைவில் சைக்கிள் புரண்டது. நான் செடிமேல் விழுந்து தப்பித்தேன். அவனுக்கு இடது விலாவுக்குக் கீழே ஹேண்டில் முனை குத்திவிட்டது. ரத்தம் இல்லை. ஐம்பது காசு அகலத்தில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு. வாயத் தொறக்க மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். சத்தியத்தை மீறினால், யார் தலையில் அடித்தோமோ அவர் செத்துப்போவார். இது எங்கள் எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

மத்தியானம் இடது தோள் வலிக்கிறது என்றான். “சுளுக்குதான் லா,” என்று அப்பா எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தார். எனக்கோ பெரிய நிம்மதி. அடிபட்டது வயிற்றில், வலிப்பது தோளில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சோறு வேண்டாம் என்று எழுந்தவன் அப்படியே சுருண்டு விழுந்தான். முகம் வெளுத்து, அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. அம்மா அலறிவிட்டாள்.

எஸ்டேட் வேனில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். “எங்க அடிபட்டுச்சு?” என்று டாக்டர் கேட்டார். அப்பா தோளைக் காட்டினார். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? உதட்டை இறுக மூடிக்கொண்டு, அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

வட்டத்தைப் பார்த்ததும் டாக்டர் பரபரப்பானார். வயிற்றை ஸ்கேன் எடுத்து, ரத்தம் ஏற்றிக்கொண்டே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மண்ணீரல் கிழிந்து, உள்ளே தேங்கிய ரத்தம் மேலே உதரவிதானத்து நரம்பை உறுத்தியதால்தான் தோள் வலித்ததாம். தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்திருந்ததால் வயிற்றைத் திறந்து அதை எடுத்தே விட்டார்கள்.

இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே, காட்டினாலும் சொன்ன மாதிரிதானோ, சத்தியம் பலித்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டும் பக்கத்தில் போகவில்லை.

கதவு திறந்தது. பெரிய டாக்டர் அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, என்னைக் கைகாட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தவர் அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவ்வளவுதான், அண்ணன் போய்விட்டான், என்னால்தான் என்று கண்டுபிடித்தும் விட்டார்கள்.

ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். “இனிமே காட்ட மாட்டேம்ப்பா,” என்று கதறினேன்.