மார்னி விளக்கை மாட்டிய இடம்

இடது கையில் கட்டைவிரல் இல்லாமல் மார்னி ஹேகன் ஜெயித்தவை இவை: பதின்மூன்று வயதில் மாவட்டச் சந்தையில் தன் செம்மறிக்கு நீல ரிப்பன். பதினேழில் வைக்கோல் வண்டியைப் பின்னோக்கி ஓட்டும் போட்டியில் முதலிடம். இரண்டாவது வந்தது அவள் அண்ணன் கார்ல். இருபத்து நான்கில், பதினோரு ஆண்கள் கேட்டு நின்ற, ஷெரீப் அலுவலகத்தில் டெபுடி என்ற காவலர் வேலை. விரல் போனது ஒன்பது வயதில். கன்று இழுத்த இழுப்பில் கயிறு விரலைச் சுற்றி இறுகியது. அவள் கயிற்றை விடவில்லை. கன்றும் ஓடிப்போகவில்லை என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

அந்த வேலையில் ரோந்து போக முடியுமா என்ற கேள்வி ஒரு சிறு விளக்கில் வந்து நின்றது. கிழக்கு மொன்டானாவில் ரோந்து போகிறவர் தனியாகத்தான் போக வேண்டும். உதவிக்கு அடுத்த வண்டி வர ஒரு மணி நேரமாகும். அதனால் இருட்டில் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியால் சுடும் தேர்வில் தேறாதவருக்கு ரோந்து கிடையாது. சிறையில் சாவிக்கொத்தோடு உட்கார வேண்டியதுதான். மார்னி முதல் முறை தவறிவிட்டாள். இன்னும் ஒரே வாய்ப்பு.

குறியில் குறையில்லை. எல்லோரும் விளக்கை, துப்பாக்கியில் இடது கை தாங்கும் முன்பிடியில் இடப்பக்கம் மாட்டி, கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவார்கள். மார்னி உள்ளங்கையைத் திருப்பி அழுத்துவதற்குள் எதிரே சில நொடி மட்டும் முகம் காட்டும் குறி, அந்த அட்டை மனிதன், திரும்பிக்கொண்டான்.

"விளக்க எங்க வேணா மாட்டிக்க, ஹேகன்," என்றார் பயிற்சி தந்த சார்ஜண்ட் ஓர்வில். "மூக்குல கூட மாட்டிக்க. எனக்கு நேரத்துக்கு எரியணும்."

"மூக்குக்கு ஸ்க்ரூ சேராது, சார்ஜண்ட்."

கார்ல் பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். பள்ளி பத்தாவதோடு சரி. ஆனால் அளக்காமல் ஒரு திருகைத் தொடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வைக்கோல் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகலிலும் அங்கே நல்ல இருட்டு. துப்பாக்கி காலியா என்று மார்னி மூன்று முறை பார்த்தாள். நான்காவது முறை கார்ல் பார்த்தான்.

முதலில் அடிப்பக்கம் மாட்டினார்கள். ஆள்காட்டி விரல் எட்டியது. அவள் அழுத்தினாள். வெளிச்சத்துக்குள் வைக்கோல் தூசி, விழ மனமில்லாத பனிபோல மிதந்தது. தடுப்புக்கு அப்பால் மாடுகள் மூச்சுவிட்டன. அந்த மூச்சும் ஆவியாய் வந்து ஒளியில் சுருண்டது. கொட்டகை முழுவதும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

பிறகு அவள் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தாள். மான் வேட்டையில் பழகிய கைகள். பக்கத்தில் வண்டி நின்றால் துப்பாக்கியை அதன் பானெட்டில் சாய்த்துக்கொள்ளும். தேர்விலும் பாதிக் குண்டுகளை வண்டிக்குப் பின்னாலிருந்துதான் சுட வேண்டும். கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த கார்லின் வண்டிமேல் பனி இன்னும் கரையவில்லை. அடியிலிருந்த விளக்கு எரிந்ததும் வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே திரும்பி வந்தது.

"ஒண்ணும் தெரியல, கார்ல். பாலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. சுடத்தான் முடியாது."

கார்ல் வண்டியைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு வலப்பக்கம் வந்தான். இத்தனை வருஷமும் அவள் எதைப் பிடித்தாலும் இடப்பக்கம் நின்று அந்தக் கையைப் பார்த்துத்தான் அவனுக்குப் பழக்கம். இந்தப் பக்கமிருந்து, முன்பிடியைத் தாண்டி எட்டிப் பார்த்தபடி நான்கு விரல் நுனிகள் வேலையில்லாமல் கிடந்தன.

"அந்த விரல அசை."

"எந்த விரல?"

"இருக்கிற விரலத்தான்."

அவள் நடுவிரலை அசைத்தாள். கார்ல் வாயைத் திறந்தவாறு நின்றான்.

"பேயறைஞ்ச மாதிரி நிக்காத. ஸ்க்ரூவ எடு," என்றாள்.

வலப்பக்கம் மாட்டினான். பொத்தான், நடுவிரல் நுனிக்குக் கால் அங்குலம் முன்னால். கழற்றினான், நூலளவு பின்னுக்குத் தள்ளினான், மறுபடி அளந்தான்.

"கல்யாண கவுன் தைக்கிறியா?"

"கைய ஆட்டாத."

பானெட்டில் சாய்த்து அழுத்தினாள். வெளிச்சம் பானெட்டுக்கு மேலாக, பனியைத் தொடாமல் நீண்டு போய், கோடிச் சுவரில் தொங்கிய பழைய சேணத்தைத் தொட்டது. குழலின் நிழல் மெல்லிய கோடாக இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. மாலை வரை அவள் அழுத்தி அழுத்திப் பழகினாள். சேணம் இருட்டிலிருந்து வந்து வந்து போனது.

தேர்வு வியாழக்கிழமை. டிசம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டிவிடும். கார்ல் வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். பனி பெய்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு வெளிச்சம் பூக்கும், பனிச்செதில்கள் அதற்குள் நின்றுவிடும், பிறகு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. இருபது வரை எண்ணினான். பட்டதா இல்லையா என்று அங்கிருந்து தெரியாது. கண்ணாடியில் ஆவி படிந்துபோனதை அவன் துடைக்கவும் இல்லை.

ஓர்வில் வந்து கண்ணாடியைத் தட்டினார். பின்னால் மார்னி, தொப்பியெல்லாம் பனி.

"விளக்க அந்தப் பக்கம் மாட்டினது யாரு?"

"அவதான்," என்றான் கார்ல்.

"புளுகறான், சார்ஜண்ட்."

"யாரா இருந்தா என்ன. இருபதுக்குப் பத்தொம்பது." ஓர்வில் சட்டைப்பையிலிருந்து துப்பாக்கியின் பதிவு அட்டையை எடுத்து வண்டியின் பானெட்மேல் வைத்தார். துப்பாக்கி யாருக்குத் தரப்படுகிறதோ அவர் அதில் கையெழுத்திட வேண்டும். பேனா குளிரில் எழுத மறுத்தது. மார்னி அதை வாயருகே வைத்து ஊதினாள்.

டெபுடி எம். ஹேகன் என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2009 டிசம்பர் 10.