மஞ்சள் துணி கட்டிய ஊஞ்சல்

முனீஸ்வரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை வந்தபின், கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போகிறவள். திருவாதவூரில் பிறந்து, 2004இல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தாள். 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து பவளமல்லி நகர்ப் பூங்காவைத் திறப்பது, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, பூட்டுவது எல்லாம் அவள்தான்.

2024 ஜூலை 15, திங்கட்கிழமை காலை. குளவிக்கூட்டைக் கலைக்க ஏணியில் ஏறியவள் ஊஞ்சலின் கொக்கியைப் பார்த்தாள். விரல் பருமன் இரும்பு, சங்கிலி உராய்ந்து உராய்ந்து ஈர்க்குச்சி அளவுக்குத் தேய்ந்திருந்தது.

உடனே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயபாண்டியிடம் ஓடினாள். வெல்டிங்காரர் மேலூரில் வேலையாக இருக்கிறார், அடுத்த திங்கள்தான் வருவார், அதுவரை ஊஞ்சலைக் கழற்றாதே, யாரையும் ஏறவும் விடாதே என்றார் அவர்.

ஊஞ்சலைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாள். ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட்டுத் திரும்புவதற்குள் ஆட வந்தவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தார்கள். குழாயை மூடாமலே ஓடி ஓடிப் புல்தரை சேறானது. ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன், “நீங்க ஆடணும்னா சொல்லுங்கக்கா, எறங்கிக்கிறேன்” என்றான்.

புதன்கிழமை, ஆடி முதல் நாள், கயிற்றையே காணோம். பையில் கிடந்த மஞ்சள் துணியைக் கிழித்துச் சங்கிலியில் முடிந்தாள். அன்று ஒருவரும் ஏறவில்லை. ஆனால் வியாழன் காலை ஏழு மணிக்குள் அதன் பக்கத்தில் இன்னும் மூன்று மஞ்சள் துணிகள். பலகையில் குங்குமம், எலுமிச்சம்பழம். யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்து, தங்கள் வேண்டுதலையும் முடிந்திருந்தார்கள். எப்படியோ ஏறாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தாள்.

வெள்ளி மாலை 6.10. வேண்டுதல் ஊஞ்சல் என்று கேள்விப்பட்டுச் சோழவந்தானிலிருந்து வந்திருந்த பாண்டியம்மாள், மருமகள் திவ்யாவோடும் ஐந்து மாதப் பேரனோடும் ஊஞ்சலருகே நின்றாள். பிள்ளையைப் பலகையில் கிடத்தி மூன்று தரம் ஆட்ட வேண்டுமாம். முனீஸ்வரி குறுக்கே போய் நின்றாள்.

“இது சாமி துணி இல்லம்மா. நான் கட்டுனது. கொக்கி தேஞ்சு கெடக்கு.”

“நீ கட்டுனா என்ன? மாரியாத்தா சொல்லாமயா கட்டிருப்ப? தள்ளு.”

திவ்யா பிள்ளையோடு குனிந்தாள். வேறு வழி தெரியவில்லை. முனீஸ்வரி தானே பொத்தென்று பலகையில் உட்கார்ந்தாள். செருப்புக் காலோடு ஏறுகிறாளே என்று பாண்டியம்மாள் வைதுகொண்டிருக்கும்போதே காலால் தரையை உந்தினாள். முதல் வீச்சு தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதில் கொக்கி அறுந்து, சங்கிலியோடு மணலில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது.

பாண்டியம்மாள் ஓடிவந்து குனிந்தாள். பிறகு பலகையிலிருந்த குங்குமத்தை எடுத்து முனீஸ்வரியின் நெற்றியில் வைத்தாள். “எம் பேரனுக்கு வந்தத நீ வாங்கிக்கிட்டியே, தாயி.”

முனீஸ்வரி எழுந்தாள். ஏணி வைத்து மறுபக்கச் சங்கிலியையும் கழற்றினாள். பலகையைத் தூக்கிப் போய் ஜெயபாண்டி வீட்டு வாசலில் போட்டாள். அவர் வெல்டிங்காரருக்குப் போன் போட்டு, நாளைக் காலையே வரச் சொல்லும்வரை உட்காரவில்லை. மணி அப்போது 7.05. போனை வைக்கப்போனவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“அப்பிடியே அந்தச் சறுக்குப் பலகையையும் பாக்கச் சொல்லுங்கண்ணே.”