பொட்டலமாய் மடித்த ஓட்டு

“நான் ஒரே ஒரு ஓட்டுல தோத்தேனே, யாராலன்னு தெரியுமா பேகம்?” பொரிகடலை வாங்க வந்த காசியம்மாள் கேட்டார்.

“யாராலக்கா?”

“உன்னாலதான்.”

“யா அல்லா! உங்க ஏணிச் சின்னத்துக்கு நேராத்தானே குத்தினேன்?”

“குத்தினே. அப்புறம் எப்படி மடிச்சே?”

அஸ்கரி பேகம் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். மூலையை உள்ளே செருகிய, நூல் தேவைப்படாத பொட்டலம்.

“இதேதான்! எண்ணுற எடத்துல ஒருத்தர், உள்ள கடலை இருக்குமான்னு கேக்கறார். பிரிச்சா, ஏணியிலயும் மை, குடையிலயும் மை. எது குத்தினது, எது ஒட்டினதுன்னே தெரியல. செல்லாதுன்னுட்டாங்க. செல்லும்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சமம். சீட்டாவது குலுக்கியிருப்பாங்க.”

சொல்லிவிட்டுக் காசியம்மாளே முதலில் சிரித்தார். அவர் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போயிருந்த நான், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

அது எண்பத்தாறு. பாலக்கோட்டில் எங்கள் வார்டுக்குத் தேர்தல் முடிந்த மறுநாள். அஸ்கரி பேகத்தை நான் காலா என்பேன், உருதுவில் சின்னம்மா. கணவர் அப்துல் சுபான் கடலை வறுப்பார், காலா பொட்டலம் கட்டுவார். இருபது வருடப் பழக்கம். பஸ் டிக்கெட் கிடைத்தால்கூட அவர் விரல்கள் மூலையைச் செருகிவிடும்.

கடைக்கு எதிரே குழாய் போடுவதாகச் சொல்லியிருந்தவர் காசியம்மாள். குடைச் சின்னத்தில் ஜெயித்த தீர்த்தகிரியோ அதைத் தெருக்கோடியில், தன் வீட்டோரம் போட்டுக்கொண்டார். காலா தினமும் இரண்டு குடத்தோடு அங்கே நடந்தார்.

“என்ன பேகம், தண்ணியையும் பொட்டலம் கட்டிடலாமா?” என்பார் தீர்த்தகிரி.

“இந்த வாட்டி சிரிங்க. அடுத்த வாட்டி ஒழுங்கா மடிப்பேனுங்க.”

எண்பத்தொன்பது நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. பத்தொன்பது வயதில் எனக்கும் ஓட்டு கிடைத்திருந்தது. தர்மபுரியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுச் சீட்டு மடித்துப் பழக, காலா என் பழைய நோட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டார். பாட்டில் மூடியைச் சொட்டு நீலத்தில் தோய்த்துக் குத்துவார். முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும். அப்போதுதான் மை அதே சின்னத்தின் வரிசையில் ஒட்டும். பிறகுதான் குறுக்காக. நெடுக்கு சரியாக வரும். குறுக்கு மடிப்பில் விரல் தானாக மூலையைத் தேடிப் போகும்.

“பாராளுமன்றம் நம்ம தெருவுல குழாய் போடுமா?” என்று சுபான் கேலி செய்தார்.

“போடலைன்னா போகட்டும். என் ஓட்டை எண்ணணும், அவ்வளவுதான்.”

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், என்னைப் பார்த்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி, “ஷகிலா, மூலையைச் செருகல!” என்றார். வாசலில் நின்ற போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காலா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ டீச்சரானா, உன்னையும் பூத்துல உக்கார வைப்பாங்கல்ல? என்னை மாதிரி யாராச்சும் வந்தா, ஓட்டுச் சீட்டை சும்மா நீட்டிடாத கண்ணு. ஒரு தடவை மடிச்சுக் காட்டிக் குடு.”