கால் வழியாகப் போன கோபம்

எங்கள் அப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். மூக்கோடு நின்றிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் அவருடையது ஒன்றுதான். பால் தண்ணீராக இருந்தால் கோபம், கரண்ட் போனால் கோபம், போன கரண்ட் அவர் கத்தி முடிப்பதற்குள் வந்துவிட்டால் அதைவிடக் கோபம். இப்போது நான் தினமும் காலையில் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருகிறேன். போனில் ஒரு பெண் குரல், மனதில் உள்ள கசப்பையெல்லாம் மூச்சோடு வெளியே விடச் சொல்கிறது. நான் விடுவதற்குள் அப்பா தியானம் செய்த அழகு நினைவுக்கு வந்து சிரித்துத் தொலைத்துவிடுகிறேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது மாமா பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் புது வீடு கட்டிக் குடிபோனார். அந்த அமளியில் அப்பாவை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள். வீட்டு மாப்பிள்ளை சும்மா விடுவாரா? அத்தனை பேர் முன்னாலும் மாமாவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, எங்களை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அண்டா நிறைய இருந்த பாயசத்தைக் கண்ணால் பார்த்ததோடு சரி என்று நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள்தான், அதற்கப்புறம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சை மட்டும் நிறுத்தவில்லை, தறியை விட்டும் எழுந்துவிட்டாள். எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துப் பலகையை அடிப்பார். அவருக்கு வலப்பக்கம் அம்மா ஒட்டி உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை உள்ளே தள்ளுவாள். அப்பா பார்க்காமலே வலது கையை நீட்டி வாங்கித் திருப்பி விடுவார். அம்மாவுக்குப் பதிலாக அப்பா ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் வாங்கிய ஏச்சில் மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை. தறி பாதிச் சேலையோடு நின்றது.

பரீட்சை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு சேத்துப்பட்டுக்கே போய்விடுவதாக அம்மா என்னிடம் சொன்னாள். அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; ஆனாலும் சொன்னது என்னிடம்தான். எனக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டதாம். இந்தக் கோபத்தோடு இனி குடித்தனம் பண்ண முடியாது, கோபம் போனால் பார்க்கலாம் என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அப்பா இல்லாத ஊரில் நான் எப்படி இருப்பேன்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்யாண மண்டபத்தில் ஒரு வாரத் தியான வகுப்பு வந்தது. கோபம், பயம், பொறாமை எல்லாவற்றையும் விடச் சொல்லித் தருகிறார்கள், காசு வேண்டாம், முடிவில் சுண்டல் உண்டு. சும்மா உட்காருவதற்கு ஒரு வகுப்பா என்று ஊருக்கு முன்னால் கேலி செய்த அப்பா, மறுநாள் விடியற்காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். உண்மையாகவே போகிறாரா, கோபம் போகிறதா என்று பார்த்துவர அம்மா என்னை அனுப்பினாள்.

மாஸ்டர் வெளியூர்க்காரர், தங்கமான மனிதர். முதல் இரண்டு நாளும் அப்பா கொட்டாவிதான் விட்டார். மூன்றாம் நாள் மாஸ்டர் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உங்கள் கோபத்தால் நொந்துபோனவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விடுங்கள் என்றார். மண்டபம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கால்கள் அசைய ஆரம்பித்தன. இடது, வலது, இடது, வலது. அவரைப் பார்த்துச் செய்தது அல்ல, எல்லோரும்தான் கண்ணை மூடியிருந்தார்களே, ஆனாலும் அந்த வரிசையில் இருந்த நெசவாளிகள் அத்தனை பேருக்கும் கால் ஆடியது. மாஸ்டருக்குப் பரவசம் தாங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை, இவர்கள் கோபம் கால் வழியாக இறங்கிப் பூமிக்குப் போகிறது என்று என்னைப் போல் வேடிக்கை பார்க்கப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் தழுதழுத்த குரலில் சொன்னார். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரைக்கும் எனக்குப் பொறுமை ஏது? சுண்டலைக்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கோபம் கால் வழியாகப் போய்விட்டது என்று மூச்சிரைக்கச் சொல்லி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆடியும் காட்டினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! "கண்ண மூடிகினு தறி ஓட்டிக்கீறாரு உங்கப்பா" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதோடு முடியவில்லை, கையைக்கூட நீட்டினார், கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கிறார் என்று மாஸ்டரே சொன்னார் என்றேன்.

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

எப்படி என்று காட்டச் சொன்னாள். நான் கண்ணை மூடி, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கால் ஆட்டம்கூட நின்றுவிட்டது, அந்தக் கை மட்டும் அப்படியே ரொம்ப நேரம் இருந்தது என்றேன். கண்ணைத் திறந்தபோது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அரிசித் தூசி என்றாள்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா தறியில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா தலையைத் தூக்காமல் நூலைச் சரிசெய்துகொண்டே, "ஜல்தி வாங்க, கரண்ட் போய் வெளக்கு அணையறதுக்குள்ள கொஞ்சம் ஓட்டிடலாம்" என்றாள். அப்பா வெள்ளை வேட்டியைக்கூட மாற்றாமல் குழியில் காலை விட்டார். ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டுக்குப் போய் மாமா வீட்டில் இரண்டு தரம் சாதம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். அவர் அகராதியில் மன்னிப்புக் கேட்பது அதுதான்.

ஆனால் தறியில் உட்கார்ந்த அன்று சாயங்காலமே பால்காரரோடு அப்பா போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. போச்சு, சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடம்தான் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது, கோபமும் முழுசாகப் போனபாடில்லை. அதற்குள் அம்மா ஏன் இவ்வளவு அவசரப்பட்டாள் என்று மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.