அவள் கண் போன இடம்

மூன்று வயதாகியும் என் மகள் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஊட்டினால் வாய் திறக்கும்; கண் மட்டும் மின்விசிறியிலேயே நிற்கும். "ஏட்டி, புள்ளைக்குக் காது கேக்குதா இல்லியா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி, ஏதோ அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள் மாதிரி. "நல்லாக் கேக்குது. ஒங்க கொரலுதான் அவளுக்குப் பிடிக்கல" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. மாதாமாதம் வந்தவர் பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தார். இப்போது போன் மட்டும் வருகிறது. ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடித்து, மில் காப்பகத்திலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு மம்சாபுரம் வந்து கதவைத் திறந்தால் பேச ஒரு நாதி கிடையாது. இனி யார் பார்க்கவாம் என்று ஓர் ஆத்திரத்தில் மூக்குத்தியைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் போட்டேன்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். குழந்தை மனித முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளக்கும் கருவி அங்கே இருந்தது. நாலு பேர் கண் படும் இடமாயிற்றே என்று அவள் தூங்கும்போதே கண்ணுக்கு மையை அப்பு அப்பென்று அப்பியிருந்தேன்.

"அக்கா, எம்புட்டு மை! கண்ணுமணி எதுன்னே கேமராவுக்குத் தெரியல" என்றாள் கருவியைப் பார்த்துக்கொண்ட பெண். எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். முகத்தைத் தொட்டாலே ஆகாத பிள்ளை, கட்டிடமே அதிரக் கத்தினாள். எனக்கு மானமே போயிற்று.

பிறகு அவளை என் மடியில் வைத்துத் திரை முன் உட்கார்ந்தேன். கருவி என் கண்ணையும் சேர்த்துப் படம்பிடித்துவிடுமாம். எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒருத்தி கொஞ்சிப் பேசும் சத்தம் மட்டும் திரையிலிருந்து வந்தது.

முடிந்ததும் போட்டுக் காட்டினார்கள். திரையில் ஒரு பக்கம் சுழலும் வட்டங்கள். மறுபக்கம் சிரித்துப் பேசும் ஒரு பெண். மகள் பார்த்த இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. அது வட்டங்களை விட்டு நகரவே மாட்டேன் என்றது.

"மொகத்தைப் பாக்குறது ரொம்பக் கொறைவுக்கா. பயிற்சி குடுத்துட்டுப் பொறவு அளந்து பாப்போம்."

"திரையில இருக்கவளை யாரு பாக்கச் சொன்னா? என்னையப் பாப்பாளா, அதைச் சொல்லுங்க."

"அதை இது சொல்லாதுக்கா."

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்போதுதான் கண்டேன். புள்ளி ஒரே ஒரு முறை அந்தப் பெண்ணின் முகத்துக்குத் தாவியது. கண்ணுக்குப் போகவில்லை, வாய்க்கும் போகவில்லை. அவள் போட்டிருந்த மூக்குத்தியில் செத்த நேரம் நின்றுவிட்டு வட்டங்களுக்கே திரும்பிவிட்டது.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவள் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் தேடி என் மூக்குத்தியை எடுத்தேன். துளை தூர்ந்துபோயிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினேன், ரத்தம் வந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன்.

இரண்டாவது வாய் ஊட்டும்போது அவள் கண் என் பக்கம் வந்தது. வந்து நின்றது. பிறகு ஒரு விரல் வந்து தொட்டது. வலி உயிர் போயிற்று, நான் அசையவில்லை.

மூக்குத்தியைத்தான் பார்த்தாள், எனக்கா தெரியாது. பார்க்கட்டும். அது என் முகத்தில்தானே இருக்கிறது.