சுஜூதில் இருண்ட கண்கள்

என் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகு மறுபடியும் தொழத் தொடங்கினேன். சில நாளில் தலைவலி வந்தது. பிள்ளைக்காரிக்குத் தூக்கம் இல்லை, அதுதான் என்று கிண்ணியாவில் உள்ள சொந்தக்காரர் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தைலம் தேய்த்ததில் வீடே மணத்தது. வலி மட்டும் போகவில்லை.

சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் மண்டை பிளக்கும். கண் இருட்டிவிடும். வெளிச்சம் திரும்பும்வரை அப்படியே கிடப்பேன். “யா அல்லாஹ், என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கண்ணை மிச்சம் வை” என்று அழுவேன். யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தது.

என் கணவர் மீன்பிடிக்கிறவர். நான் தொழுகிற அவசரத்தைச் சொல்லி, கல்யாணமான நாள் முதல் கேலி செய்பவர். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகையில் நான் எழும்பாமல் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் தொழுது முடித்ததும் கேட்டார்.

“உன்ட சுஜூது இவ்வளவு நீளமில்லையே புள்ள. என்ன செய்யுது?”

“குனிஞ்சா கண் தெரியுதில்ல.”

அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. பொழுதுபடும் முன் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண் நரம்பு வீங்கியிருந்தது. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் நாளத்தை இரத்தக்கட்டி அடைத்திருந்தது. மூளையைச் சுற்றி ஊறும் நீரும் அந்த வழியாகத்தான் வடிய வேண்டுமாம். வடியாததால் அழுத்தம் ஏறி, கண் நரம்பை நெருக்கியிருக்கிறது. பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வருமாம். இன்னும் பிந்தியிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார்.

நீண்டுபோன அந்தச் சுஜூதை வைத்தே அல்லாஹ் என் நோயை என் கணவருக்குக் காட்டிக்கொடுத்தான்.

முதலில் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி, பிறகு குளிசை. வலி மெல்ல இறங்கியது. கொஞ்சக் காலம் தலையைத் தாழ்த்தாமல் கதிரையில் உட்கார்ந்து தொழச் சொன்னார்கள். இந்த வயதில் கதிரையா என்று அழுதேன். என் கணவர் கிழிந்த வலை பொத்துகிற நூலால் அந்தக் கதிரைக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டார். அதில் இருந்தால் முடிச்செல்லாம் குத்தும். ஆனாலும் அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சகோதரிகளே, அல்லாஹ்விடம் நம்பிக் கேளுங்கள். அவன் ஒரு மனிதரை அனுப்பினால், அவரிடம் நோயை மறைக்காதீர்கள்.

தொழும்போது பார்வை சுஜூது செய்யும் இடத்தில் இருக்க வேண்டும். நேற்று என் மகள் தவழ்ந்து வந்து சரியாக அந்த இடத்தில் இருந்துகொண்டு, என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். கீழ் ஈறில் புதுப் பல் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அதை முதலில் கண்டது நான்தான். அல்ஹம்துலில்லாஹ்.