சீட்டுக்கு அடியில் கல் உப்பு

அப்பா போன பிறகு வந்த மே மாதத்தில், மழைக்கு முன் அவருடைய காருக்கு ஆன்டி-ரஸ்ட் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சிஞ்ச்வட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், யாரோ கழித்துப் போட்டதை வாங்கித் தட்டிக்கொட்டி ஓட வைத்திருந்தார். ஒரு மூலையில் ஈரம் தங்கினாலும் தகடு அரித்துவிடும் என்பார். ஒவ்வொரு வருடமும் கதவுக்கு அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வார், தரை விரிப்பை உரித்து வெயிலில் போடுவார். அந்த அக்கறையில் கால்வாசியாவது வீட்டில் காட்டலாம் என்று அம்மா முணுமுணுப்பாள்.

துக்கம் போகப்போகத் தெரியும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் குடியிருக்கும் பாணேரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனதில் எதுவும் ஓடவில்லை. அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அது வெறும் சட்டையாகத்தான் இருந்தது.

அம்மா டீ எடுத்துக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்குக்கு இறங்கி வந்தபோது, டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தேன். அடியில் ஒரு சின்னத் துணி மூட்டை. பிரித்தால், கெட்டியாகிப் போன கல் உப்பு.

"என்னம்மா இது?"

"திருஷ்டிக்கு வச்சேன். சிவப்பு வண்டி, சொசைட்டி பூரா கண்ணு இது மேலதான். அமாவாசைக்கு அமாவாசை மாத்துவேன். உங்கப்பா குளிக்கப் போற நேரம் பார்த்து ஓடி வருவேன். தெரிஞ்சா திட்டுவாரே. அவர் போனப்புறம் மாத்தலை."

"உப்புதாம்மா இரும்பை அரிக்கும். மழைக்காலத்துல இது தண்ணி விட்டுக் கீழே இறங்கும். இத்தனை வருஷமாவா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபம்கூட வரவில்லை. அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா? உசிரா வச்சிருந்தாரேடா. மறைக்காம சொல்லு, ஓட்டை விழுந்துடுச்சா?"

செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். மூட்டை இருந்த இடத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடி, மல்லாத்தி வைத்தபடி இருந்தது. அதற்குள் உப்பு நீர் தேங்கிக் காய்ந்த வெள்ளைத் தடம். மூடியை எடுத்தேன். கீழே தகட்டில் துருவே இல்லை. அந்த இடத்தில் மட்டும் கறுப்பு பெயின்ட் கனமாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருந்தது. தன்னைத் தவிர வேறு யாரையும் அப்பா இந்தக் காரைத் தொட விட்டதில்லை.

"இந்த மூடியை நீ வச்சியாம்மா?"

"இல்லையே. அவசரத்துல கையை விட்டு மாத்திட்டு ஓடிடுவேன், குனிஞ்சு பார்த்ததே இல்லை."

"அப்ப அவருக்குத் தெரியும்மா. மூட்டைக்கு அடியில இதை வச்சு, தண்ணி சேரச்சேர எடுத்துக் கொட்டியிருக்கார். தரை நல்லாத்தான் இருக்கு."

அம்மா மூடியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"துருன்னா அவருக்கு ஆகவே ஆகாதே," என்றாள். "எடுத்து வீசியிருக்கலாமே."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் திருடி மாதிரி ஓடி வந்தேனே."